சிக்கரி கூடிப்போன காபி

என் நாத்தனாருக்கு அவள் அறியாமல் மருந்து கொடுத்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருஷக்கணக்காக. மருந்தைத் தொடுவதில்லை என்று கடவுளிடம் பொருத்தனை செய்திருந்தவளைத் தினமும் காலையில் என் கையாலேயே ஏமாற்றினேன். அவள் பிழைத்தாள். மருந்தில்லாமல் கர்த்தர் தன்னைக் குணமாக்கினார் என்று பந்தல் நிறைந்த கூட்டத்தின் முன்னால் சாட்சி சொன்னாள். நான் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இதோ, சொல்லிவிட்டேன்!

இதில் எது பாவம் என்று நீங்கள் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். மருந்து கொடுத்ததற்கு நான் வருந்தவில்லை. இன்றைக்கும் வருந்தவில்லை. என் குற்றம் வேறே இடத்தில் இருக்கிறது... அங்கே வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். எனக்கு எழுத்து வேகமாக வராது. ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தின் மேல் விரல் வைத்துக் கற்றுக்கொண்ட எழுத்துதான் என்னுடையது. விரல் நகர நகரத்தான் எனக்கு விஷயமும் நகரும்.

நாங்கள் இரும்புலியூரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை; தாம்பரத்தில் மின்சார ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் இடத்தில். அவருடைய கடைசித் தங்கை கிரேஸ். நான் கல்யாணமாகி வந்தபோது அவள் பாவாடை நாடா முடியத் தெரியாத குழந்தை. மாமியார் சீக்கிரமே போய்விட்டதால் நான்தான் வளர்த்தேன். எனக்குப் பிள்ளை இல்லையே என்று யாராவது உச்சுக்கொட்டினால் எனக்குக் கோபம்தான் வரும். ஏன் இல்லை? கிரேஸ் இருந்தாளே!

அவளை டீச்சர் டிரெயினிங் படிக்க வைத்தேன். கைப்பையை மாட்டிக்கொண்டு, ரயில்வே மேம்பாலத்தின் படிகளைத் தடதடவென்று ஏறி அவள் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒருத்திக்கு அது எப்பேர்ப்பட்ட கர்வம் என்று உங்களுக்குத் தெரியுமா? நான் கர்வக்காரிதான். அதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி. அவளுடைய விரல் நுனிகள் காலைக் குளிரில் வெளுத்துப் போயின. பிறகு நீலம் பாய்ந்தன.

"சாக்பீஸ் பிடிச்சுப் பிடிச்சுக் கையே சாக்பீஸாப் போச்சு அண்ணி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அப்புறம் வாய் காய்ந்தது. ஒரு இட்லி இறங்க ஒரு சொம்பு தண்ணீர் வேண்டியிருந்தது. கண்ணில் மணல் விழுந்தது மாதிரி உறுத்துகிறது என்றாள். மூட்டுகள் நொந்தன. ஒரு நாள் வெயிலில் நின்று தலை வாரிக்கொண்டிருந்தவளின் கண்ணைப் பார்த்தேன்... மஞ்சள்!

காமாலைக்கு எங்கள் பக்கத்தில் யாரும் டாக்டரிடம் ஓடமாட்டார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். உப்பில்லாத பத்தியம் வைத்தேன். மஞ்சள் குறைந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அது திரும்பி வந்தது. மறுபடி குறைந்தது, மறுபடி வந்தது. இரண்டாம் தடவை வந்தபோது கூடவே ஓர் இருமலையும் அழைத்து வந்தது. சளி இல்லாத வறட்டு இருமல். மேம்பாலத்தில் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள்.

தாம்பரத்தில் இருமினால் அது காசம்தான். வேறு பேரே கிடையாது. காச ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிற ஊர் அல்லவா? ரயிலில் ஒருத்தர் இருமினால் அடுத்த ஆள் மெதுவாக எழுந்து கதவருகே போய் நிற்பார். கிரேஸுக்கும் படம் எடுத்தார்கள், சளிக்குப் பதிலாக எச்சிலைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். காசம் இல்லை என்றார்கள். ஆனால் படத்தில் நுரையீரலின் அடிப்பாகம் வலை பின்னியது போல் இருக்கிறது, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கே ஒரு லேடி டாக்டர். ரத்தம் எடுத்தார், விலாவில் ஊசி போட்டு ஈரலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஏம்மா, உங்க வீட்டுல நாய் இருக்கா?"

எதற்கு வந்தோம், இவர் எதைக் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சல். "இருக்கு டாக்டரம்மா. தெருநாய்தான், சோறு போட்டுப் பழகிடுச்சு."

"திருடன் வந்தாக் குரைக்கும் இல்லையா? நம்ம உடம்புலயும் அப்படி ஒரு காவல் இருக்கு. கிருமி வந்தாக் கடிக்கிறது அதோட வேலை. உங்க நாத்தனாருக்கு அந்தக் காவல் தடுமாறிப் போச்சு. வீட்டு ஆளையே கடிக்குது. எச்சில் சுரக்கிற இடத்தைக் கடிச்சுது, வாய் காஞ்சு போச்சு. கண்ணீர் சுரக்கிற இடத்தைக் கடிச்சுது, கண்ணு உறுத்துது. அப்புறம் ஈரல். இப்ப நுரையீரல்."

"அப்போ இது ஒரு வியாதியா, ரெண்டு வியாதியா?"

"நல்ல கேள்வி. நாங்களும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கோம். தனித்தனியாப் பேர் இருக்கு. ஆனா இந்தக் குடும்பத்து வியாதிங்க ஒண்ணு வந்தா இன்னொண்ணையும் கூட்டிக்கிட்டு வரும். ஒண்ணு மேல ஒண்ணு படர்ந்து கிடக்கும். இது இங்க முடிஞ்சுது, அது அங்க ஆரம்பிச்சுதுன்னு கோடு போட முடியாது."

"மத்தவங்களுக்கு ஒட்டுமா?"

"ஒருத்தருக்கும் ஒட்டாது."

"அப்ப அந்த நாயைக் கொன்னுட வேண்டியதுதானே?"

டாக்டரம்மா சிரித்தார். "கொன்னுட்டா, நிஜத் திருடன் வந்தா யாரு குரைப்பா? அதட்டி உட்கார வைக்கணும். இந்த வெள்ளை மாத்திரை அந்த அதட்டல். ரெண்டு விஷயம் மறந்துடாதீங்க. இதைத் திடீர்னு நிறுத்தக் கூடாது. நாய் முன்னைவிட மூர்க்கமா எழுந்திரிக்கும். இன்னொண்ணு, நாய் அடங்கி உட்கார்ந்திருக்கிற நேரத்துல திருடன் சுலபமா உள்ளே வருவான். காசம் இருக்கிறவங்க பக்கத்துல இவங்களை உட்கார விடாதீங்க."

இந்த இரண்டாவது வார்த்தையை நீங்களும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதை அதில்தான் போய் முட்டுகிறது.

மாத்திரை வேலை செய்தது! கண் வெளுத்தது. இருமல் அடங்கியது. கிரேஸ் சோற்றைப் போடப் போடச் சாப்பிட்டாள். ஆனால் அவள் முகம்... அந்த மாத்திரைக்கு அப்படி ஒரு குணம். முகத்தை ஊத வைத்தது. எங்கள் எதிர்வீட்டு ராஜாத்திக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னா டீச்சரம்மா, மூஞ்சி பூசணிக்கா கணக்கா ஊதிக் கீது! அண்ணி கைச் சமையலா?"

பல்லாவரத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, பையன் ஒல்லியான பெண்ணாகத்தான் கேட்கிறான் என்று சொல்லி அனுப்பினார்கள். கிரேஸ் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளுக்கு ஒரு பட்டப்பேர் வைத்தார்கள். அதை நான் இங்கே எழுதமாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் அந்தச் சபைக்குப் போக ஆரம்பித்தாள். வெள்ளைப் புடவை, பொட்டுத் தங்கம் கிடையாது, மருந்து கிடையாது. ஊரார் அதற்கு மருந்தில்லாச் சபை என்று பேர் வைத்திருந்தார்கள். அந்த ஜனங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவள் அழுதபோது துடைத்தவர்கள் அவர்கள்தான். நான் அவள் முகத்தைப் பார்த்தால் "மாத்திரை போட்டியா?" என்று கேட்பேன். அவர்கள் "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்து மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினாள். இனி மருந்து தொடுவதில்லை என்று பொருத்தனை செய்துவிட்டாளாம்.

நான் கெஞ்சினேன். திட்டினேன். பட்டினி கிடந்தேன். "அண்ணி, நீங்க என்னை வளர்த்தீங்க. ஆனா என்னை உண்டாக்கினது நீங்க இல்ல" என்றாள்.

நாய் எழுந்தது. டாக்டரம்மா சொன்னது போலவே மூர்க்கமாக எழுந்தது. கொஞ்ச வாரத்தில் கண் மஞ்சளாகி, மூச்சு இரைத்து, பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சபைச் சகோதரிகள் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அவள் முகத்தில் பயம் இல்லை. பயம் முழுவதும் என்னிடம் இருந்தது.

என் வீட்டுக்காரர் சொன்னார்: "அவ நம்பிக்கை, அவ உடம்பு. விட்டுடு."

"நீங்க விடுங்க. நான் விடமாட்டேன்."

கிரேஸுக்குக் காலையில் காபி இல்லாமல் பொழுது விடியாது. சபை நகையை வாங்கிக்கொண்டது, கலர் புடவையை வாங்கிக்கொண்டது, காபியை மட்டும் விட்டுவைத்தது. கர்த்தரே எனக்கு ஒரு சந்து விட்டுவைத்தார் என்று எடுத்துக்கொண்டேன். நான் தனியாக மின்சார ரயில் ஏறிப் பட்டணம் போனேன். நாத்தனாருக்கு நடக்க முடியவில்லை, மாத்திரையை என்னிடம் கொடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் பொய் சொன்னேன். ஏலக்காய் தட்டுகிற சின்ன உரலில் மாத்திரையை மாவாக்கினேன். அதன் கசப்பை மறைக்கக் காபித்தூளில் சிக்கரியைக் கூட்டினேன், சர்க்கரையைக் கூட்டினேன். ஆற்றி, நுரை பொங்க, டம்ளரை அவள் கையில் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்ன அண்ணி, கசக்குது?"

"சிக்கரி கூடிப் போச்சுடி. கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"கடையை மாத்துங்க."

"மாத்துறேன், மாத்துறேன். இப்பக் குடி."

குடித்தாள்.

கடையை நான் மாற்றவில்லை. போகப் போக அவளுக்கு அந்தக் கசப்பு பழகிவிட்டது. சபையில் யார் வீட்டிலோ காபி குடித்துவிட்டு வந்து, "அவங்க வீட்டுக் காபி சப்புன்னு இருக்கு அண்ணி, உங்க கைப்பக்குவம் வராது" என்றாள். சிரிப்பதா அழுவதா? நான் இரண்டையும் செய்யாமல் டம்ளரைக் கழுவினேன்.

மஞ்சள் இறங்கிக்கொண்டே வந்தது! என் கண் எதிரில், துணியில் சாயம் வெளுப்பது போல! முகம் மறுபடி கொஞ்சம் உருண்டபோதுதான் யோசித்தேன், கண்டுபிடித்துவிடுவாளோ? ஆனால் சபைச் சகோதரிகளே என்னைக் காப்பாற்றினார்கள். "மோசேயோட முகம் மாதிரி கிரேஸ் முகம் பிரகாசிக்குது" என்றார்கள். பூசணிக்காய் என்று சிரிக்கப்பட்ட அதே முகம்!

பிறகு மூன்று நாள் உபவாச ஜெபம் வந்தது. தண்ணீர் மட்டும்தான். காபி கிடையாது. மாத்திரையைத் தண்ணீரில் போட்டால் கலங்கும், கசக்கும். நிறுத்தினாலோ நாய் எழுந்திரிக்கும். என்ன செய்தேன் தெரியுமா? முதல் நாள் காலை, அவள் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரம் பார்த்து, அடுப்படியில் தொப்பென்று விழுந்தேன்.

"ஐயோ அண்ணி! என்னாச்சு?"

"நெஞ்சு அடைக்குது... நேத்துலேர்ந்து ஒண்ணும் இறங்கலை."

"ஏன் சாப்பிடலை?"

"நீ பட்டினி கிடக்கப் போறேன்னதும் எனக்கு எப்படிடி இறங்கும்? நீ ஒரு வாய் குடி, நான் ஒரு வாய் குடிக்கிறேன். இல்லேன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். கடவுளையும் என்னையும் அந்த நிமிஷம் தராசில் வைத்தாள் என்று நினைக்கிறேன். அழுதுகொண்டே குடித்தாள். மறுநாளும் விழுந்தேன். மூன்றாம் நாள் நான் விழுவதற்கு முன்பே அவளாக வந்து உட்கார்ந்து, "கொண்டாங்க அண்ணி, கர்த்தர் கணக்கு வெச்சுக்குவாரு" என்றாள். நான் ஜெயித்தேன்!

டாக்டரம்மாவைத்தான் நெடுநாள் ஏமாற்ற முடியவில்லை. நோயாளியைப் பார்க்காமல் இனி ஒரு மாத்திரை கிடையாது என்றுவிட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"படிச்ச பொண்ணு. வேண்டாம்னு சொல்லியிருக்கா. அவளுக்குத் தெரியாம அவ உடம்புக்குள்ள நீங்க கை வைக்கலாமா?"

"நீங்க விலாவுல ஊசி வெச்சீங்களே டாக்டரம்மா."

"அவளைக் கேட்டு வெச்சேன்."

நான் எழுந்து நின்றேன், ஆனால் கதவுப் பக்கம் திரும்பவில்லை. கடைசியில், கண் வெளுத்திருக்கிறதா, படி ஏறுகிறாளா, நகம் நீலமாகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அளவைப் பாதியாகக் குறைத்து எழுதிக் கொடுத்தார். "நல்லது பண்றோம்னு மட்டும் நினைச்சுக்காதீங்க" என்றார்.

எழுபதுகள் பிறந்த சமயம் சபையின் பெரிய கூட்டம் தாம்பரத்தில் பந்தல் போட்டு நடந்தது. கிரேஸ் மேடை ஏறினாள். அதற்கு முன் மேம்பாலத்தை ஒரு மூச்சில் ஏறி இறங்கி வந்திருந்தாள். விரல் வெளுத்ததிலிருந்து, ஈரலும் நுரையீரலும் சேர்ந்து கெட்டது வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

"டாக்டருங்க கைவிட்டாங்க. நான் மருந்தைக் கைவிட்டேன். கர்த்தர் என்னைக் கைவிடலை!"

"ஸ்தோத்திரம்!" என்று பந்தலே எழுந்தது. வெள்ளைப் புடவைகளுக்கு நடுவில் என் சிவப்புக் கட்டம் போட்ட புடவை ஒன்றுதான் கலர். உங்களிடம் மறைத்து என்ன பயன்? அந்த ஸ்தோத்திரம் முழுவதும் எனக்குச் சொல்லப்பட்டது போல் என் நெஞ்சு நிமிர்ந்தது. என் உரல்! என் சிக்கரி! என் பெண்! எழுந்து நின்று கத்த வேண்டும் போல இருந்தது. உண்மையைச் சொல்வதற்காக அல்ல... பெருமை அடித்துக்கொள்வதற்காக!

அந்தப் பந்தலில்தான் சலோமி என்று ஒரு சின்னப் பெண்ணும் உட்கார்ந்திருந்தாள்.

சலோமி கோவளத்துக்காரி. மீன்காரர் வீட்டுப் பெண், அந்த வயதிலேயே கல்யாணம் ஆனவள். அவளுக்கு நிஜமாகவே காசம். ஊரிலிருந்து வந்து போக முடியாது என்று தாம்பரத்தில் சித்தி வீட்டில் தங்கி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தாள். பாதி வைத்தியம் முடிந்திருந்தது, இருமல்கூட நின்றுவிட்டது. கூட்டம் முடிந்த மறுவாரம் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, மெய்யாலுமே மாத்திரை இல்லாமயே நல்லாயிட்டியா?"

"என் வாயில ஒரு மாத்திரை பட்டதில்ல சலோமி. கர்த்தர் சாட்சி."

"எனுக்கு அத்தத் துன்னாலே வவுத்தப் பெரட்டிகினு வருதுக்கா. ஊட்டுக்காரரு எட்டிக்கூடப் பாக்கறதில்ல. அல்லாத்தையும் தூக்கிக் கடாசிட்டு ஆண்டவர நம்பிக்கலாம்னு கீது."

நான் காபி டம்ளரோடு கதவருகில் நின்றிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். "அவ மாத்திரையிலதான் பிழைச்சா, தினமும் நான்தான் கொடுக்கிறேன்" என்று இரண்டே வார்த்தை. சொன்னால் கிரேஸ் மறுநாள் காபியைத் தொடமாட்டாள். நாய் எழுந்திரிக்கும். என் பெண் போய்விடுவாள். சொல்லாவிட்டால்... யாரோ ஒருத்தியின் பெண்.

நான் சொல்லவில்லை.

ஆனால் மனசு கேட்காமல் சலோமியின் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரை ஓடினேன். அங்கே நான் சொன்ன வார்த்தைதான் என் குற்றம். இவ்வளவு நேரம் விரலை நகர்த்தி நகர்த்தி அதற்குத்தான் வந்தேன்.

"இந்தா சலோமி, நீ மாத்திரையை விடாதே."

"இன்னாத்துக்கு பெரிம்மா? கிரேஸக்கா வுட்டாங்களே?"

"அவ கதை வேற."

"இன்னா வேற?"

எனக்குப் பதில் வேண்டும். உண்மையைச் சொல்ல முடியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "அவளுக்கு இருக்கிற விசுவாசம் பெரிசு. உனக்கெல்லாம் அது வராது. நீ பேசாம மாத்திரையைப் போடு."

அவளைத் தடுப்பதற்காகத்தான் சொன்னேன். சத்தியமாகச் சொல்கிறேன்! ஆனால் விசுவாசமே சொத்து என்று நினைக்கிற ஜனங்களிடம், உனக்கு அது இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? அவர்கள் நடுவில் உட்கார்ந்து கேட்டவள்தானே நான்? சலோமியின் மூக்கு விடைத்தது.

"எனுக்கும் கீது பெரிம்மா. பாரு நீயி."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

மாத்திரையை விட்டுவிட்டாள். அடுத்த மாதமே இருமல் திரும்பியது. சபையில் கிரேஸின் பக்கத்தில்தான் உட்காருவாள், கிரேஸின் தோளில் சாய்ந்துகொண்டு இருமுவாள். டாக்டரம்மா சொன்ன திருடன் இவளுக்குள் உட்கார்ந்திருக்கிறான். என் வீட்டு நாயையோ நானே அடக்கி வைத்திருக்கிறேன். அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. சலோமி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே விடாமல் நிலைப்படியில் நின்றேன்.

"இனிமே இங்க வராதே. கிரேஸ் பக்கத்துல உட்காராதே."

"நான் இன்னா பண்ணேன் பெரிம்மா?"

கதவைச் சாத்தினேன்.

"உங்களுக்கு இரக்கமே கிடையாதா அண்ணி?" என்று கிரேஸ் என்னோடு வெகு நாள் பேசாமல் இருந்தாள். பேசாவிட்டால் என்ன? காபி குடித்தாள். அது போதும் எனக்கு.

மழைக்காலம் முடிவதற்குள் சேதி வந்துவிட்டது. கடைசி நாட்களில் சலோமிக்கு ரத்தம் வந்ததாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பாவம் அண்ணி. கடைசியில பயந்துட்டா. விசுவாசத்துல தடுமாறிட்டா."

சபையிலும் அப்படியே பேசிக்கொண்டார்கள். செத்துப்போன பெண்ணுக்கு மிச்சமிருந்த அந்த ஒரு நல்ல பேரும் போனது. அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

கிரேஸ் வாழ்ந்தாள்! நான் இதைப் பெரிய எழுத்தில் எழுதத் தெரிந்தால் எழுதுவேன். மருந்தின் அளவு குறைந்து குறைந்து, நகக்கண் அளவுக்கு வந்தது. நுரையீரலில் தழும்பு மட்டும் தங்கிவிட்டது. வேகமாக நடந்தால் கொஞ்சம் இரைக்கும், அவ்வளவுதான். தலைமை ஆசிரியை ஆனாள். இவள் கையில் அ எழுதிய பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளை இவளிடமே கொண்டுவந்து விட்டார்கள். தலை நரைத்துத்தான் போனாள். ஈரலாலும் இல்லை, நுரையீரலாலும் இல்லை, வயதால் போனாள். கடைசி வரைக்கும் தன் வாயில் ஒரு மாத்திரை பட்டதில்லை என்று நம்பியே போனாள். மேலே போய்த் தெரிந்துகொண்டிருப்பாள். என்னோடு பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும்... நான் வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதை முடித்தால் இதுவும் ஒரு பொய்ச் சாட்சியாகிவிடும்.

சலோமி போன பிறகு நான் பஸ் ஏறிக் கோவளம் போனேன். எதற்குப் போனேன்? அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான். படகுகள் வந்து சேர்ந்த நேரம். மணலில் கூடைகளுக்கு நடுவே அந்த அம்மாள் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பெரிம்மா, பெரிம்மான்னு சொல்லிகினு இருந்தாளே, அது நீதானா?"

"ஆமாம்மா."

"ஒண்ணு கேக்கறேன், நெசம் சொல்லு. சபைக்காரங்க சொல்றாங்கோ, எம்பொண்ணுக்கு நம்பிக்க பத்தலயாம். அதான் செத்துப்பூட்டாளாம். நீ அவளப் பாத்துகினு இருந்தவ. அப்டியா?"

கிரேஸ் இரும்புலியூரில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். இந்த அம்மாள் சத்தம் போட்டால் அது நாளைக்கே அவள் காதுக்குப் போகும்.

"இல்லம்மா" என்றேன். "உன் பொண்ணுக்கு இருந்த விசுவாசம் அங்க யாருக்கும் கிடையாது."

அந்த அம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மீன் செதில் என் கையில் ஒட்டியது. "நீ ஒருத்திதான்மா சொன்ன. நீ ஒருத்திதான்..." என்று அழுதாள். நான் கிளம்பும்போது கூடையில் இருந்ததிலேயே நல்ல சங்கரா மீனாகப் பொறுக்கி, இலையில் சுற்றி என் பையில் திணித்தாள். வேண்டாம் என்றேன். "எம்பொண்ணுக்குப் பேர் வாங்கிக் குட்த்தியே, வேணாங்காத" என்றாள்.

கொண்டுவந்தேன். கடலில் எறிந்திருக்கலாம், பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். மிளகாய் தடவிப் பொரித்துக் கிரேஸின் தட்டில் வைத்தேன். எந்த ஊர் மீன் என்று அவள் கேட்கவில்லை. ருசித்துச் சாப்பிட்டாள். அந்தக் காய்ந்த வாய்க்கு அப்போது ருசி திரும்பியிருந்தது.

"இன்னொரு துண்டு வைங்க அண்ணி."

வைத்தேன். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் மனம் நிறைந்தது. நிறைந்தது என்றுதான் எழுத வேண்டும்... வேறு எந்த வார்த்தை போட்டாலும் பொய்.